நர்சரி வேன் துஜா: கடலோர வீட்டு வேலிக்கு வாங்கலாமா?

ஐப்பசி மழை விழுந்ததும் இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் கீழக்கரை, ஏர்வாடி, உச்சிப்புளி, தேவிபட்டினம் தெருக்களுக்குச் செடி வேன்கள் வரத் தொடங்கிவிடும். முன்வரிசையில் ரோஜாவும் செம்பருத்தியும், நடுவில் ஒட்டு மா, கடைசித் தட்டில் விசிறி விசிறியாக துஜா. “சீடர் மரம் சார், ஃபாரின் வேலி, அஞ்சு அடிக்குச் சுவர் மாதிரி நிற்கும்” என்பார்கள். பத்து, இருபது என்று மொத்தமாக எடுத்தால் விலை பாதிக்கு இறங்கும். அந்தச் செடியை வாங்கலாமா, வாங்கினால் எப்படி நிறுத்துவது என்பதுதான் இங்கே பேச்சு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டுக்குப் பின்பக்கம், கடல்காற்று நேராக அடிக்காத இடம், நல்ல தண்ணீர் வசதி இரண்டும் இருந்தால் ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். கடலைப் பார்த்த பக்கம் நடுவதானால் ஒன்று கொடுப்பதே அதிகம். இங்கே துஜா சாவதற்கு வெயிலைக் குறை சொல்கிறார்கள். வெயில் மட்டும் அதைக் கொல்வது அரிது. உப்பும், வேரைச் சுற்றியுள்ள களிக்கட்டியும், தப்பான வெட்டும்தான் கொல்கின்றன. மூன்றும் நம் கையில் இருப்பவை.

முதலில் பெயர். வேனில் வருவது சீடர் இல்லை. உண்மையான சீடர் இமயமலைத் தேவதாரு வகை. அது இந்தச் சூட்டில் நிற்காது. வெளிநாட்டுப் படங்களில் வீட்டைச் சுற்றிப் பச்சைச் சுவராக நிற்பது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த துஜா ஆக்ஸிடென்டாலிஸ். அங்கே அதை வெள்ளை சீடர் என்கிறார்கள். குளிர்காலம் கேட்கிற மரம் அது. நம் ஊருக்கு வருவது பெரும்பாலும் அதன் சொந்தக்காரன், சீனாவைச் சேர்ந்த பிளாட்டிகிளாடஸ் ஓரியன்டாலிஸ். முன்பு இதையும் துஜா இனத்தில் சேர்த்திருந்ததால் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. வடக்கே இதை மோர்பங்கி, அதாவது மயில்பீலி என்கிறார்கள். சூட்டையும் சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணையும் தாங்குவதில் இது அமெரிக்கச் செடியைவிடக் கெட்டி என்பதால், ஏமாற்றத்திலும் ஒரு லாபம்.

பிரித்தறிவது எளிது. இலைவிசிறிகள் கையில் பிடித்த சீட்டுக்கட்டு மாதிரி செங்குத்தாக, ஒன்றின்பின் ஒன்றாக நின்றால் சீனத்துச் செடி. இரண்டு பக்கமும் ஒரே பச்சையாக இருக்கும். காய் பிடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம்: சாம்பல் பூசிய நீலப்பச்சையில், சதைப்பற்றாக, நுனியில் கொக்கி கொக்கியாக இருக்கும். விசிறி படுக்கைவாட்டில், அடிப்பக்கம் வெளிறிப்போய் இருந்தால் அது அமெரிக்க வகை. அதை இங்கே வாங்க வேண்டாம்.

இன்னொன்று, மஞ்சள் நுனியோடு முட்டை வடிவத்தில் அழகாக இருக்கும் ‘கோல்டன்’ வகை. அது குட்டை ரகம். ஐந்து அடி மறைப்பு வேண்டுமென்று அதை வாங்கினால் பல வருஷம் இடுப்பளவைத் தாண்டாது. நடைபாதை ஓரத்துக்குச் சரி, வேலிக்குப் பச்சை வகையைத்தான் கேட்க வேண்டும்.

வேனில் செடி தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த வகைச் செடி செத்த பிறகும் மூன்று நான்கு வாரம் பச்சையாகவே தெரியும். வேர் போய்விட்டது என்ற செய்தி இலைக்கு மெதுவாகத்தான் வரும். “பட்டுப்போனால் மாற்றித் தருகிறோம்” என்ற வாக்குறுதிக்கு இங்கே மதிப்பில்லை; செடி பழுப்பாகும்போது வேன் வேறு மாவட்டத்தில் இருக்கும். அதனால் நிறத்தைப் பார்க்காமல் விசிறியை விரலால் மடக்கிப் பாருங்கள். உயிருள்ளது வளையும், விட்டால் நிமிரும். போனது மொரமொரவென்று இருக்கும். தண்டில் நகத்தால் லேசாகக் கீறினால் ஈரப்பச்சை தெரிய வேண்டும். தண்டைப் பிடித்து மெல்லத் தூக்கினால் மண்கட்டியும் சேர்ந்து எழ வேண்டும். செடி மட்டும் ஆடினால் போன வாரம் கவர் மாற்றி வைத்தது என்று அர்த்தம். ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் பொடிப் புள்ளிகள் நகர்ந்தால் சிவப்புச் சிலந்திப்பேன் கூடவே வருகிறது. உயரம் ஒன்றரை முதல் இரண்டு அடி போதும். நான்கு அடிச் செடிக்குக் கொடுக்கிற கூடுதல் காசு வீண்: கவருக்குள் வேர் சுருண்டு கிடக்கும், காற்றில் சாயும், சின்னச் செடி இரண்டே வருஷத்தில் அதை எட்டிப்பிடிக்கும்.

இனி அந்த மண்கட்டி. வெளியூர் நர்சரிகளிலிருந்து வரும் கவர் செடிகளின் மண் பெரும்பாலும் களி கலந்த செம்மண். லாரியில் உதிராமல் வர அதுதான் தோது. நம் பக்கத்து மண்ணோ சிப்பியும் சங்குத்தூளும் கலந்த மணல். இரண்டையும் சேர்த்து நட்டால் நடப்பது இதுதான்: ஊற்றுகிற தண்ணீர் மணல் வழியாக ஓடிவிடும், களிக்கட்டிக்குள் நுழையாது. மேலே தரை ஈரமாகத் தெரியும். இரண்டு மாதம் கழித்துப் பட்டுப்போன செடியைப் பிடுங்கினால், கவர் எந்த வடிவத்தில் இருந்ததோ அதே வடிவத்தில், செங்கல் மாதிரி காய்ந்த உருளை ஒன்று வெளியே வரும். வேர் ஒன்றுகூட மணலுக்குள் கால் வைத்திருக்காது. “தினமும் தண்ணி ஊத்தினோமே” என்பார்கள். ஊற்றியது உண்மைதான். செடிக்குப் போய்ச் சேரவில்லை.

இதைத் தவிர்க்க நடுவதற்கு முன் கால் மணி நேரம் செலவழித்தால் போதும். கவரோடு செடியை வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி நிற்கும்வரை வையுங்கள். பிறகு கவரைக் கிழித்து, குழாய் நீரைச் சன்னமாக அடித்து, கட்டியின் வெளிச்சுற்றில் ஒரு அங்குல மண்ணைக் கரைத்துவிடுங்கள். வேர்நுனிகள் தாடி மாதிரி வெளியே தொங்க வேண்டும். சுருண்ட வேர் இருந்தால் கத்தியால் நான்கு பக்கமும் மேலிருந்து கீழாக ஒரு செண்டிமீட்டர் ஆழத்துக்குக் கீறிவிடலாம். கட்டி முழுவதையும் உதிர்த்துவிடக் கூடாது. இந்த இனத்துக்கு வெறும் வேரோடு நடுவது ஆகாது.

தனித்தனிக் குழியைவிட நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டுவது வேலிக்கு நல்லது. ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். எடுத்த மணல் இரண்டு பங்கு, கண்மாய் வண்டல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. செடி ஒன்றுக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு. வண்டல் சேர்ப்பதால் மணலுக்கும் கட்டிக்கும் இடையில் ஒரு பாலம் கிடைக்கிறது. ஆனால் வண்டல் எடுத்த இடம் காய்ந்தபின் வெள்ளையாக உப்புப் பூக்கிறதா என்று பார்த்துவிட்டு அள்ளுங்கள். மக்காத எரு கரையானை விருந்துக்குக் கூப்பிடும். தேங்காய்நார்க் கழிவு சேர்ப்பதானால் கழுவி உப்பு எடுத்ததாக இருக்க வேண்டும்; கழுவாத நாரிலேயே உப்பு நிறைய இருக்கும். கடற்கரையில் ஒதுங்கும் பாசியை அள்ளி வந்து மூடாக்குப் போடும் பழக்கம் மண்டபம் பக்கம் உண்டு. நல்ல பொருள்தான். ஒரு மழை முழுக்க நனையவிட்டு, உப்புக் கழிந்தபின் போட வேண்டும்.

இடைவெளி இரண்டரை அடி. நெருக்கி ஒன்றரை அடியில் நட்டால் சீக்கிரம் அடையும் என்று ஆசை காட்டுவார்கள். அடையும். மூன்றாம் வருஷம் உள்ளே காற்றில்லாமல் நடுப்பகுதி காயத் தொடங்கும். மதில் சுவரிலிருந்தும் இரண்டரை அடி தள்ளுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கம் வெட்டக் கை நுழையாது. கட்டியின் மேல்மட்டம் தரையைவிட ஒரு அங்குலம் உயர்ந்து நிற்க வேண்டும். இராமேசுவரம் தீவு, மண்டபம் போன்ற இடங்களில் இரண்டு அடிக்குக் கீழே பாறை தட்டினால் வாய்க்காலுக்குப் பதில் ஒரு அடி உயரத்துக்கு வரப்பு கட்டி அதன்மேல் நடுங்கள். மழைக்காலத்தில் நான்கு நாள் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அழுகிய துஜாவைத் திருப்பிக் கொண்டுவர மருந்து கிடையாது.

தண்ணீர்க் கணக்கைச் செடி வாங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். 40 அடி வேலிக்கு 17 செடி. முதல் வருஷம் செடிக்கு 8 லிட்டர், ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு தடவைக்கு 136 லிட்டர், அதாவது ஏறக்குறைய 9 குடம். இரண்டாம் வருஷம் முடிந்தபின் வாரம் ஒருமுறை 15 லிட்டர் போதும். இந்த மாவட்டத்தில் ஆண்டு மழை 800 மில்லிமீட்டர் சொச்சம். அதில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களுக்கு இந்த 9 குடம் எங்கிருந்து வரும்? காவிரிக் குழாய்த் தண்ணீரை வேலிக்கு ஊற்ற யாருக்கும் மனசு வராது, வரவும் கூடாது. மிச்சம் கிணறு, ஆழ்குழாய், ஊற்று.

தண்ணீரில் கரைந்த உப்பை அளந்து காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள். பேனா அளவுதான் இருக்கும். கிணற்றுத் தண்ணீர் 500க்குள் காட்டினால் கவலையில்லை. 500 முதல் 1,000 வரை என்றால் மாதம் ஒருமுறை வழக்கத்தைப் போல மூன்று மடங்கு தண்ணீரை ஒரே மூச்சில் விட்டு, வேர்ப்பகுதியில் சேர்ந்த உப்பைக் கீழே தள்ள வேண்டும். மணல் என்பதால் இது நன்றாக வேலை செய்யும். 1,500ஐத் தாண்டினால் துஜாவை மறந்துவிடுங்கள். ஜிப்சம் போட்டால் உப்பு போகும் என்று ஒரு பேச்சு உண்டு. களர் மண்ணில் சோடியத்தை விலக்கத்தான் ஜிப்சம். உவர்த் தண்ணீரால் வந்த உப்புக்கு, அதுவும் சுண்ணாம்பு நிறைந்த மணலில், அது தீர்வாகாது. குழப்பம் இருந்தால் இராமநாதபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, கேட்டுக்கொள்ளலாம்.

மூன்று தண்ணீர் வேலிப்பக்கமே போகக் கூடாது. ஒன்று, ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீர். வீணாகிறதே என்று குழாயைச் செடிக்குத் திருப்பிவிடுகிறார்கள். மெஷின் மூன்றில் ஒரு பங்கை நல்ல தண்ணீராக எடுத்துக்கொண்டால், மீதி இரண்டு பங்கில் உப்பு ஒன்றரை மடங்காக ஏறியிருக்கும். பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, மீன் ஐஸ்பெட்டித் தண்ணீர். மூன்று, கருவாடு ஊறவைத்த தண்ணீர். “மீன் சத்துதானே” என்று ஊற்றினால் சத்தைவிட உப்புதான் அதிகம் போகும். மீனை வெல்லத்தோடு ஊறவைத்து எடுக்கும் மீன் அமிலம் வேறு விஷயம். லிட்டருக்கு 5 மில்லி கலந்து மாதம் ஒருமுறை வேரில் விடலாம்.

சொட்டுநீர் போடுவதானால் செடிக்கு மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் இரண்டு, தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி இருபுறமும். ஒரு மணி நேரத்தில் 8 லிட்டர் கணக்குச் சரியாக வந்துவிடும். தண்டோடு ஒட்டி வைத்தால் கழுத்து அழுகும்.

காற்று இந்தக் கரையில் பக்கத்துக்குப் பக்கம் வேறு. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரிசைக்கு வைகாசி முதல் ஆவணி வரை கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று. மன்னார் வளைகுடா கொந்தளிக்கும் காலம் அது. மழையும் இருக்காது, காற்றில் வரும் உப்புத்துளி இலையிலேயே காய்ந்து உட்காரும். தேவிபட்டினம், தொண்டி பக்கம் வாடைக்காற்றுக் காலத்தில்தான் பாக் நீரிணை சீறும். ஆனால் கூடவே மழை வந்து இலையைக் கழுவிவிடும். அதனால் ஒரே செடி தொண்டியில் தேறுகிற இடத்தில் ஏர்வாடியில் தேறாது. கச்சான் காலத்தில் விடியற்காலையில் நல்ல தண்ணீரை இலைமேல் தெளித்து உப்பைக் கழுவுவது உதவும். முதல் இரண்டு வருஷம் காற்றுப் பக்கம் கிடுகு அல்லது பனையோலை மறைப்பு கட்டினால் இன்னும் நல்லது. 50 சதவீத நிழல்வலையும் சரிதான், காற்றைச் சல்லடையாக விடும். தகரம் வேண்டாம், காற்று அதன்மேல் ஏறிக் குதித்து மறுபக்கம் சுழலும்.

இலை காயும் விதத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். கடல் பக்கத்து நுனி மட்டும் தீய்ந்த மாதிரி பழுத்தால் உப்புக்காற்று. எல்லாப் பக்கமும் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்தால் தாகம். வெண்கல நிறத்தில் பொடிப்புள்ளி, நூலாம்படை என்றால் சிலந்திப்பேன்: தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவி, நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் மாலையில் தெளிக்கலாம். கொளுத்துகிற பகலில் அடித்தால் இலை வெந்துவிடும். வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் கூடாது. புதுத்தளிர் மஞ்சளித்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. சிப்பி மணலில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கலந்து பத்து நாளுக்கு ஒருமுறை மூன்று தடவை இலைமேல் தெளியுங்கள். அடுப்புச் சாம்பல் போடாதீர்கள், ஏற்கெனவே காரமான மண் இன்னும் காரமாகும். பொட்டாஷ் வேண்டுமென்றால் சல்பேட் வகை மட்டும். உள்பக்கத்துப் பழைய இலை வருஷத்துக்கு ஒருமுறை பழுத்து உதிர்வது மட்டும் நோயல்ல. அதைப் பார்த்துப் பயந்து பூச்சிமருந்து அடிக்கிறவர்கள்தான் அதிகம்.

வெட்டுதான் கடைசிக் கண்டம். மருதாணியை முழங்கால் உயரத்துக்கு வெட்டினாலும் ஒரு மழையில் துளிர்க்கும். துஜா அப்படியில்லை. வெளியே பச்சைத்தோல், உள்ளே இலையில்லாத பழுப்புக் குச்சி. அந்தப் பழுப்பில் கத்தரி இறங்கினால் அங்கே மறுபடி துளிர் வராது. ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். “நல்லா ஒட்ட வெட்டிவிடுப்பா” என்று கூலிக்கு ஆள்விட்டு, முன்பக்கம் முழுக்கப் பொத்தலாகிப் போன வேலிகளை இந்தப் பக்கம் பார்க்கலாம். பச்சையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. வெட்டியபின் குச்சியில் இரண்டு அங்குலம் பச்சை மிஞ்ச வேண்டும்.

வருஷத்துக்கு இரண்டு வெட்டு. தை மாதம் ஒன்று, கச்சான் தணிந்து புரட்டாசி பிறக்கும்போது ஒன்று. பங்குனி, சித்திரையில் கத்தரியைத் தொடாதீர்கள். உள்ளே இருந்த இளம் இலை திடீரென்று வெயில் பட்டுக் கருகும். அடி அகலமாகவும் தலை ஒடுங்கியும் இருக்க வேண்டும்: ஐந்து அடி உயர வேலிக்கு அடியில் இரண்டரை அடி, தலையில் ஒன்றரை அடி. நேர்ச்சுவராக வெட்டினால் மேல்பகுதி நிழல் விழுந்து அடிக்கிளை காய்ந்துவிடும், ஆடு தலை நுழைக்க வழி கிடைக்கும். இரண்டு முனையிலும் குச்சி நட்டு நூல் கட்டி வெட்டுவது கண்மதிப்பைவிட மேல். பக்கங்களை முதல் வருஷத்திலிருந்தே லேசாக வெட்டலாம். தலையை மட்டும், விரும்பிய உயரத்துக்கு அரை அடி இருக்கும்போதுதான் கிள்ள வேண்டும். ஐப்பசிப் புயல்காற்றில் விசிறிகள் நனைந்து பாரம் தாங்காமல் நடுவில் பிளந்தால், பழைய சேலைக் கிழிசலால் தளர்வாகக் கட்டிவிட்டால் போதும். கம்பி கட்டினால் பட்டையை அறுக்கும். வெட்டிய தழையை ஆட்டுக்குப் போட வேண்டாம், அதில் நச்சு எண்ணெய் உண்டு. பிள்ளைகள் வாயில் வைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கத்தரி எதுவானாலும் சரி. பிசினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, தேங்காயெண்ணெய் பூசி வீட்டுக்குள் வைக்க வேண்டும். வெளியே மாட்டினால் இந்தக் காற்றுக்கு ஒரே வாரத்தில் துருப்பிடித்து, வெட்டுகிற இடத்தில் மெல்லும்.

கடலைப் பார்த்த பக்கத்துக்கு என்ன செய்வது? சங்கங்குப்பி. உப்புக்காற்றிலேயே பிறந்து வளர்கிற செடி, கசப்புக்கு ஆடு தொடாது, எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் அடைந்துகொள்ளும். மழைக்காலத்தில் குச்சியை ஒடித்து ஒரு அடிக்கு ஒன்றாக ஊன்றினால் போதும், வேன்காரருக்குக் காசு தர வேண்டாம். துஜா மாதிரியே மெல்லிய இலைதான் வேண்டுமென்றால் சவுக்கு. ஒன்றரை அடி இடைவெளியில் நட்டு, முழங்கால் உயரத்திலேயே முதல் கிள்ளு கிள்ளி, மாதம் ஒருமுறை வெட்டத் தயாராக இருக்க வேண்டும். சோம்பினால் ஒரு வருஷத்தில் மரமாகிவிடும். வேனில் இன்னொரு பச்சைச் செடியைக் கோனோகார்பஸ் என்று நீட்டுவார்கள். அது உப்பைத் தாங்கும், கிடுகிடுவென்று வளரும், ஆனால் அதன் வேர் குழாயையும் தொட்டியையும் தேடிப் போகும். குஜராத் அரசு 2023இல் அதை நடுவதற்கே தடை போட்டது. இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சங்கங்குப்பியையும் துஜாவையும் சேர்த்து வைப்பது இன்னும் தோது. முன்னால் சங்கங்குப்பி, நான்கு அடி உள்ளே தள்ளி துஜா. முதல் வரிசை தோள் உயரம் வந்த பிறகு, அடுத்த ஐப்பசியில் இரண்டாம் வரிசைக்கு வேனை நிறுத்துங்கள்.